ஏழரை அங்குல ரிங்

நெல்லையப்பன் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. பெரிய வியாதி என்று ஒன்றும் இல்லை. கர்க்கடக மாதத்து மழையில் நனைந்துகொண்டு வந்தார், உடம்பு வலிக்கிறது என்றார், மூன்றாம் நாள் காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தைந்து வயது. பத்திரிகையில் படம் வரும் ஆள் இல்லை. திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பழைய ஆட்கள் சிலருக்கு அவர் கம்பி கட்டுகிற நெல்லையப்பன். எஞ்சினியரிங் கல்லூரி ஒன்றில் ஐந்தாறு பேருக்கு அவர் லேப் அண்ணன். அந்த ஆளுக்கும் இந்த ஆளுக்கும் நடுவில் ஒரு பயம் இருந்தது. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி என்ன சொன்னாலும் அது அவராக இருக்காது.

வள்ளியூருக்குப் பக்கத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்தவர். கம்பி கட்டுகிறவர்களுக்குள் அவர் கை சுத்தம் என்று பெயர். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் தூணுக்குள் நிற்கும் கம்பிக்கூட்டை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்: நெட்டுக்குத் தடித்த கம்பிகள், அவற்றைச் சுற்றி அரையடிக்கு ஒன்றாகச் சதுர வளையங்கள். அந்த வளையத்துக்கு ரிங் என்று பேர். ஒரு பலகையில் ஆணிகளை அடித்து, கம்பியை அவற்றில் கொடுத்து மடக்கினால் நிமிடத்துக்கு இரண்டு ரிங் விழும். ஆணி அடித்த இடம்தான் கணக்கு. ஆணி தப்பினால் அத்தனை ரிங்கும் தப்பு.

முப்பத்தொரு வயதில் ஒரு தடவை ஆணி தப்பியது. துணி மொத்த வியாபாரி பிச்சைக்கனிக்குச் சாலையில் மூன்று மாடிக் கடை எழும்பிக்கொண்டிருந்த சமயம். தூண் ஒன்பது அங்குலம். கம்பிக்கூட்டுக்கும் தூணின் வெளிமுகத்துக்கும் நடுவில் எல்லாப் பக்கமும் ஒன்றரை அங்குலம் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கவர் என்பது அதைத்தான். இரண்டு பக்கத்துக்கும் கவரைக் கழித்தால் ரிங் ஆறு அங்குலம். நெல்லையப்பன் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழித்தார். ஏழரை அங்குலத்தில் ஆணி அடித்தார்.

முந்நூறு ரிங் வளைத்து, கூடு கட்டி, கான்கிரீட் ஊற்றும் பலகைப் பெட்டிக்குள் நிறுத்தும்போதுதான் தெரிந்தது. கூடு நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் பெட்டிப் பலகையையே உரசியது. கலவை மிஷின் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது, இருபது ஆள் சட்டியோடு காத்திருந்தார்கள். எஞ்சினியர் மேலேயிருந்து எட்டிப் பார்த்துக் கம்பியை எண்ணினார். சரி என்றார். நெல்லையப்பன் வாயைத் திறக்கவில்லை. கம்பி குறையவில்லையே, ரிங் பெரிசாகத்தானே இருக்கிறது, பெரிசு என்றால் பலம்தானே என்று மனசுக்குச் சமாதானம் சொன்னார். கட்டடமும் நின்றது. பூசினார்கள், வெள்ளையடித்தார்கள், துணி அடுக்கினார்கள். அவரும் மறந்துபோனார்.

நாற்பது தாண்டியதும் முதுகு போயிற்று. கான்கிரீட் வார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கேட்டார்கள் என்று யாரோ சொல்ல, போய் நின்றார்.

அங்கே ஜானவி டீச்சர் இருந்தார். கோட்டைக்குள் அக்கிரகாரத்து வீட்டுப் பெண். அவர் வேலை, தீப்பிடித்தால் கான்கிரீட் கட்டடம் என்ன செய்யும் என்று முன்கூட்டிக் கணக்கிடுவது. கணினிக்குள் ஒரு தூணைக் கட்டுவார். எத்தனை அங்குலம், எத்தனை கம்பி, எவ்வளவு கவர், தலையில் எவ்வளவு பாரம் என்று கொடுப்பார். பிறகு அதற்குத் தீ வைப்பார். தூணைக் குறுக்கே வெட்டினது மாதிரி ஒரு சதுரம் திரையில் வரும். ஓரம் சிவக்கும், சிவப்பு மெள்ள நடுவுக்கு நகரும், இத்தனையாவது நிமிடத்தில் தாங்காது என்று ஒரு எண் வரும். அந்த எண் மெய்யா பொய்யா என்று பார்க்க நிஜத் தூண் வேண்டும். அதை வார்ப்பதுதான் நெல்லையப்பனுக்கு வேலை. சூட்டை அளக்கும் மெல்லிய வயர்களைத் தூணுக்குள் வெவ்வேறு ஆழத்தில் வைத்துக் கட்டி, கான்கிரீட் ஊற்றி, மாதக்கணக்கில் காயவிட்டு, ஒரு அறை அளவு இருக்கும் கேஸ் அடுப்புக்குள் நிறுத்துவார்கள். மேலேயிருந்து ஒரு ஜாக்கி அமுக்கும். அடுப்பு எரியும்.

"உங்க தூண் மாதிரி ஊர்ல எவனும் கட்டறதில்லை அண்ணா," என்பார் டீச்சர். "ஒரு நூல் பிசகாம இருக்கு. என் கணக்கு சரியா வரதுன்னா பாதி உங்க கைதான்."

நெல்லையப்பன் சிரித்துக்கொள்வார்.

ஏழாவது தூணில் அந்தச் சிரிப்பு நின்றது. கட்டடத்தில் இருப்பதைவிடக் கூடுதல் பாரம் ஏற்றி, ஒன்றரை மணி நேரம் எரித்து அடுப்பை அணைத்தாகிவிட்டது. தூண் அசையாமல் நின்றது. எல்லோரும் சாயா குடிக்கப் போனார்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒரு சத்தம். வெடி இல்லை. பெரிய பூசணிக்காயை மாடியிலிருந்து போட்ட மாதிரி ஒரு சொத்தென்ற சத்தம்.

"டீச்சர், தீ அணைஞ்சுபோச்சே! பெறவு எப்படி?"

"தீ அணைஞ்சா சூடு எங்கே போகும்? உள்ளே நடந்துண்டேதான் இருக்கும்." டீச்சர் திரையைக் காட்டினார். சதுரத்தின் ஓரம் நீலமாக ஆறிக்கொண்டிருந்தது. நடுவில் சிவப்பு இன்னும் போய்க்கொண்டிருந்தது. "வெளியில தொட்டா ஆறினாப்ல இருக்கும். உள்ளே அப்பத்தான் உச்சம். அதான் நான் இதைப் பாத்து பயப்படறது. தீ எரியறச்சே யாரும் கிட்ட போகமாட்டா. அணைஞ்சப்புறம்தானே போவா?"

"கம்பிக்கும் சூடு ஏறும், இல்லையா?"

"கம்பிதான் முதல்ல இளகும். அதுக்குத்தானே கவர். தீக்கும் கம்பிக்கும் நடுவுல நிக்கற ஒரே காவல் அந்த ஒன்றரை அங்குலம்."

அன்று மத்தியானம் நெல்லையப்பன் கொண்டுபோன சோற்றைத் திறக்கவே இல்லை. சாலையில் ஒரு கட்டடத்தில் பன்னிரண்டு தூண், கம்பி வெளிமுகத்தை உரசிக்கொண்டு, வெறும் பூச்சுக்குப் பின்னால், அடுக்கி வைத்த துணிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. யாரிடம் சொல்வது? சொன்னால் எத்தனை பேர் கேட்பார்கள்? ‘பாதி உங்க கைதான்’ என்று சொன்ன டீச்சர் முகத்தை எப்படிப் பார்ப்பது? தீப்பிடித்தால்தானே என்று நினைத்துக்கொண்டார். அதற்கப்புறம் நான்கு வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நான்காவது வருடம் அவர் மகள் பொன்செல்விக்கு வேலை கிடைத்தது. பிச்சைக்கனி கடையில், சேல்ஸில்.

"சாலையில வேற கடையா இல்ல?"

"அந்தக் கடைக்கு எந்தாப்பா கொழப்பம்? நல்ல முதலாளி. ஏசி எல்லாம் உண்டு."

"ஒண்ணுமில்ல மக்ளே. கூட்டம் ஜாஸ்தி, அதான்."

சனிக்கிழமை தோறும் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தக் கடை வரைக்கும் நடந்து, எதிர் வரிசையில் நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார். கேட்டால் மகளைக் கூட்டிப்போக வந்தேன் என்பார். மின்சார வயர் தொங்குகிறதா, வாசலில் யாராவது பீடி பிடிக்கிறானா என்பதுதான் பார்வை. ஒரு நாள் பிச்சைக்கனியிடமே, "மொதலாளி, கீழ கிட்டங்கியில பாலியஸ்டர் துணிக்கட்டை இப்படி அட்டிபோட்டு வைக்காதீங்க," என்றார். "நீ கம்பி கட்டுனவனா, சரக்கு கட்டுனவனா டே?" என்று அவர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

மேடமாதத்தில், அதாவது சித்திரையில், ஒரு நாள் உச்சி வெயில் நேரத்தில் கீழ்த்தளத்தில் அந்தச் சரக்குக் கிட்டங்கி பற்றிக்கொண்டது.

பொன்செல்வி கூப்பிட்டபோது மணி ஒன்று ஐம்பது. பின்னால் ஒரே இரைச்சல். "அப்பா, டிவியில கண்டு பயப்படண்டாம். தீ அணைஞ்சாச்சு. ஆருக்கும் ஒண்ணும் பற்றல. கீழதான் முழுக்கப் போச்சு. மேல மாடியில சரக்கு அப்படியே இருக்கு, அத எறக்கிட்டிருக்கோம்."

"எப்ப அணைஞ்சுது?"

"ஒண்ணரைக்கு. பன்னெண்டு மணிக்குப் பிடிச்சது."

ஒன்றரை மணி நேரம் எரிந்திருக்கிறது. அணைந்து இருபது நிமிடம். நெல்லையப்பனுக்கு அந்த ஏழாவது தூண் ஞாபகம் வந்தது. "வெளிய வா மக்ளே. இப்பம் வா. எல்லாரையும் வரச்சொல்லு."

போனைப் பிச்சைக்கனி வாங்கினார். குரல் கரகரத்தது. "நெல்லையப்பா, தீயணைக்க வந்தவங்க உள்ள ஏறாதீங்கன்னுதான் சொன்னாங்க. வாசலை மறிச்சு நிக்காங்க. நாங்க பின்பக்கப் படி வழியாத்தான் ஏறுதோம். எனக்கு வேற வழி இல்லடே. மழை வந்து மேல தண்ணி எறங்கிச்சுன்னா இதுவும் போச்சு. தூணைத் தொட்டுப் பாத்துட்டேன், ஆறிப்போய் நிக்கி. பூச்சு மட்டுந்தான் உதுந்திருக்கு. உனக்குச் சந்தேகம்னா அந்தக் கம்ப்யூட்டர் டீச்சர்ட்ட கேட்டுச் சொல்லு. அந்தம்மா விழும்னு சொன்னா எறங்குதேன்."

ஆறிப்போய் நிற்கிறதாம். நெல்லையப்பன் ஆய்வுக்கூடத்திலிருந்து டீச்சர் அறைக்கு ஓடினார்.

டீச்சர் ஏன் என்று கேட்காமல் கணினி முன்னால் உட்கார்ந்தார். தூண் எத்தனை அங்குலம், எத்தனை கம்பி, மேலே எத்தனை மாடி. ஒவ்வொன்றையும் நெல்லையப்பன் மனப்பாடமாகச் சொன்னார். கவர் என்று வந்தபோது டீச்சரே ஒன்றரை அங்குலம் என்று அடித்துக்கொண்டார். ஐந்து நிமிடம் ஓடியது. சதுரம் சிவந்து, ஓரம் நீலமாகி, உள்ளே சிவப்பு நடந்து, நின்றது.

"தாங்கும் போலிருக்கே அண்ணா. கொஞ்சம் மிச்சமும் இருக்கு." டீச்சர் நெற்றியைத் தேய்த்தார். "இருந்தாலும் ஏறாதேங்கோன்னுதான் சொல்வேன். ஆனா அவர் விழுமா விழாதான்னு கேக்கறார். விழும்னு சொல்ல என் கையில ஒண்ணும் இல்லையே."

மணி இரண்டு அடித்து மூன்று நிமிடம். சொல்வதற்கு இருந்தது நெல்லையப்பன் கையில்தான். மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், அந்தக் கவர் இல்ல."

"எந்தக் கவர்?"

"நீங்க போட்டது. அந்தத் தூணெல்லாம் நான் கட்டினது. ரிங் ஏழரை அங்குலத்துல அடிச்சுட்டேன். ஒரு பக்கத்துக்குத்தான் கழிச்சேன். கூடு பலகைய ஒட்டி நின்னுது. பாத்தேன். பாத்துட்டுச் சும்மா இருந்தேன்."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியைப் பற்றி நெல்லையப்பன் பிற்பாடு வீட்டில் பல தடவை சொல்லியிருக்கிறார்.

"ஒட்டினதுன்னா எவ்வளவு? கால் அங்குலம் இருக்குமா?"

"இருந்தா பெரிசு."

"எந்தப் பக்கம்?"

"உள்பக்கம். கிட்டங்கிப் பக்கம்."

டீச்சர் எண்ணை மாற்றினார். மறுபடி ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் நெல்லையப்பன் மகளைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. பிச்சைக்கனியைக் கூப்பிட்டார், பிஸி. மறுபடி மகள். மணி போய்க்கொண்டே இருந்தது. திரையில் கம்பி நின்ற மூலை வெள்ளையாகப் பழுத்தது. தீ அணைந்த பிறகும் பழுத்துக்கொண்டே போனது. கடைசியில் எண் வந்தது. அணைந்து ஐம்பதாவது நிமிடம்.

ஒன்றரையும் ஐம்பதும் இரண்டு இருபது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பன்னிரண்டு.

"ஆட்டோல போனாலும் அரை மணி ஆகும் அண்ணா. விடாம கூப்பிடுங்கோ. நான் முதலாளிக்கு அடிக்கறேன்."

பதினோராவது தடவை பொன்செல்வி எடுத்தாள். மூச்சு வாங்கியது. "அப்பா, கையில கட்டு இருக்கு, ரெண்டு தடவைதான் பாக்கி..."

"மக்ளே, கட்டைக் கீழ போடு. அந்தத் தூணெல்லாம் உங்கப்பன் கட்டினது. தப்பாக் கட்டிட்டேன். தெரிஞ்சே மூடிட்டேன். அது விழுந்திரும் மக்ளே."

அந்தப் பக்கம் கட்டு தொப்பென்று விழுந்தது. பிறகு அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே கத்துவது கேட்டது. தமிழில் கத்தினாள், மலையாளத்தில் கத்தினாள். படியில் தடதடவென்று கால்கள். ஆறு பேர். அவர் ஒவ்வொரு காலடியாக எண்ண முயன்றார், முடியவில்லை. "வெளிய வந்தாச்சு" என்று அவள் சொன்னபோது இரண்டு பதினெட்டு.

இரண்டு இருபது ஆயிற்று. கட்டடம் நின்றது. மூன்று ஆயிற்று. நின்றது. நெல்லையப்பன் சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது கயிறு கட்டி மறித்திருந்தார்கள், தெரு முழுக்க ஆள். நாலரைக்கு மழை பிடித்தது. உடைந்த ஜன்னல்கள் வழியாக மேல்மாடிச் சரக்கு நனைவதை எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

பிச்சைக்கனி அவரைக் கண்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "விழுந்தது உம்ம கம்ப்யூட்டர் கட்டடம்தான் வே. என் கட்டடம் நிக்கி பாரும்." பிறகு குரல் இறங்கியது. "தப்பாக் கட்டுனேன்னு சொன்னீரே, அது நெசமா?"

"நெசம்."

"எங்கப்பா உமக்கு வேட்டி எடுத்துக் குடுத்தாரே வே, கிரகப்பிரவேசத்துக்கு."

பொன்செல்வி பக்கத்தில் வந்து அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரைக்கும் விடவில்லை.

கட்டடம் விழவே இல்லை. அடியில் முட்டுக் கொடுத்து ஆறு வாரம் நின்றது, பிறகு அதிகாரிகள் வந்து பார்த்து இடிக்கச் சொன்னார்கள். இடிக்கும்போது நெல்லையப்பன் போனார். உள்பக்கம் கான்கிரீட் செங்கல் மாதிரி சிவந்திருந்தது. ரிங்கெல்லாம் வெளியே தெரிந்தது. தூணில் நெட்டுக்கம்பிகள் ரிங்குக்கு ரிங் விலா எலும்பு மாதிரி வெளியே பிதுங்கியிருந்தன. பிச்சைக்கனி அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வேறு இடத்தில் கடை போட்டதும் பொன்செல்வியை வேலைக்கு வரச் சொல்லியனுப்பினார். அவள் போனாள்.

ஆனாலும் நெல்லையப்பனுக்கு அது அடங்கவில்லை. விழவேண்டியது ஏன் விழவில்லை?

"தெரியலை அண்ணா," என்றார் டீச்சர். "நடுவுல செங்கல் சுவர் கொஞ்சம் தாங்கியிருக்கலாம். அவா சரக்கை இறக்கினதுல பாரம் குறைஞ்சிருக்கலாம். இல்லேன்னா என் கணக்கே தப்பா இருக்கலாம். இத்தனை நாளா நீங்க நன்னாக் கட்டின தூணை மட்டும்தானே எரிச்சிருக்கேன். ஊர்ல இருக்கறதை எரிச்சதே இல்லையே." திரையைப் பார்த்தபடியே, "அண்ணா, அதே மாதிரி ஒண்ணு கட்டித் தருவேளா?" என்றார்.

ஏழரை அங்குலத்தில் மறுபடி ஆணி அடிக்க வேண்டும். இளவயதில் யோசிக்காமல் அடித்த ஆணி. இப்போது ஒரு முழுப் பகல் ஆயிற்று. இரண்டு தடவை அவர் கை தானாக ஆறு அங்குலத்துக்குப் போனது, பிடுங்கி மறுபடி அடித்தார். கூட்டைப் பெட்டிக்குள் இறக்கியபோது அதே உரசல் சத்தம். வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

துலாமாதத்தில் அதை எரித்தார்கள். ஒன்றரை மணி நேரம். அணைத்தார்கள். அன்றைக்கு யாரும் சாயாவுக்குப் போகவில்லை. நெல்லையப்பன் கடிகாரத்துக்குக் கீழே நின்றார். இருபது நிமிடம். முப்பது. நாற்பது. சாலையில் இந்த நேரத்துக்கு அவள் மாடியில் கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தாள். நாற்பத்தி நான்கில் கதவுக்குப் பின்னால் சொத்தென்று சத்தம் கேட்டது.

ஒன்றரைக்கு மேல் நாற்பத்தி நான்கு. இரண்டு பதினான்கு. அவள் வெளியே வந்தது இரண்டு பதினெட்டுக்கு.

டீச்சர் எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். நெல்லையப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்தார். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். குடிக்கவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்கோ."

"ரிங் தப்புன்னு அன்னைக்குச் சாலையில எனக்குத் தெரிஞ்சுதுல்லா. ஆனா ஆணியப் பிடுங்கல. மிச்ச ரிங் கெடந்துது, பலகையும் கெடந்துது. பெட்டிக்குள்ள எறங்குதே, எறங்குனா போதும்னு... அந்த ஆணிப் பலகைய இன்னும் மூணு எடத்துக்குக் கொண்டுபோனேன்."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டவில்லை. கணினிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல் இடம்?"

"மணக்காட்டுல ஒரு வீடு. கீழ ரெண்டு கடை."

"அப்புறம்?"

"சாலையிலயே ஒரு அரிசி மண்டி."

"மூணாவது?"

"வித்துரால. பொன்முடி போற ரோட்டுல. கீழ ஹோட்டல் அடுப்பு, மேல ஆள் தங்குத ரூம்."

அதற்குப் பிறகு ஒன்பது மாதம் உயிரோடு இருந்தார். லீவு நாளெல்லாம் இந்த மூன்று வாசலிலும் போய் நின்றார். போன இடத்திலெல்லாம் முதலில் தன் பெயரைச் சொல்லி, தான் செய்ததைச் சொன்னார். மணக்காட்டில் ஏசிவிட்டுத் தூணைச் சுற்றிப் புதுக்கம்பி கட்டிக் கான்கிரீட் போர்த்திக்கொண்டார்கள். கட்டிக்கொடுத்தது அவர்தான், கூலி வாங்கவில்லை. அரிசி மண்டியிலும் அப்படியே. வித்துராக்காரர் கேட்கவில்லை. "இருபது வருஷமா நிக்குந்நு, இனியும் நிக்கும்" என்றாராம். டீச்சர் இரண்டு முறை கடிதம் எழுதினார், பதில் இல்லை. நெல்லையப்பன் கடைசியாக மழையில் நனைந்து வந்தது அங்கே போய்விட்டுத்தான்.

இப்போது மாதம் ஒரு தடவை பொன்செல்வி அந்த ஹோட்டலுக்குப் போன் போடுகிறாள். மணி போகிறது. எடுக்கும் வரைக்கும் அவள் நின்றுகொண்டேதான் இருப்பாள், உட்காருவதில்லை. எடுத்ததும், "சேட்டா, இன்னைக்கு ரூம் உண்டோ?" என்று கேட்கிறாள்.

எல்லா ரூமிலும் ஆள் இருக்கிறது என்று பதில் வருகிறது.